கேட்டதாகச் சொல்லு

பிப்ரவரி 9

விஞ்ஞானி நாத்தனாருக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முனகுது. மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்லை. உன் தலைவலி எப்படி இருக்கு? கண்ணாடியை மாத்தினியா, இல்லை பழசையே கட்டிக்கிட்டு அழறியா?

போன்ல பேசலாமேன்னு கேட்பே. போன்ல நீ "ம்", "ம்"னுதான் சொல்றே. காகிதத்துல "ம்" போட்டுப் பக்கத்தை நிரப்ப முடியாதுல்ல, அதான் எழுதுறேன்.

ஆபீஸ்ல அதே நாற்காலி, அதே ஜன்னல். பஸ்ல விட்டுட்டுப் போன சாமானைத் தேடி வர்றவங்க குனிஞ்சு குனிஞ்சு அந்த ஜன்னல் வழியா என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. இந்த வாரம் ஒரு பல்செட் வந்திருக்கு. "பல்லை விட்டுட்டு எப்படிப்பா இறங்கினாரு?"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். "பக்கத்து சீட்டுக்காரரோட சண்டைம்மா. தெளிவாத் திட்டணும்னு கழட்டி வச்சுட்டாரு"ங்கறான்.

உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஓடிடுச்சு. காரியம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் நீ சமையல்கட்டு வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னே. "அண்ணனோட செல் என் லேப்ல இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு அண்ணி"ன்னு. அப்ப எனக்கு அது காதுல விழுந்துச்சே தவிர மண்டையில ஏறலை. இப்ப கொஞ்ச நாளா அதுவேதான் ஓடுது. நாலு வருஷம் முன்னாடி உங்க ஆராய்ச்சிக்கு நல்ல உடம்புக்காரங்க தோல் வேணும்னு கேட்டப்ப, கையோட உள்பக்கத்துல இருந்து பயறளவு குடுத்துட்டு வந்தாரே, அதுதானே? "சின்ன வயசுல சும்மா என் தோலை உரிச்சா, இப்ப சம்பளம் வாங்கிக்கிட்டு உரிக்கிறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு.

இன்னும் இருக்காரா? நல்லா இருக்காரா? சாப்பிடுறாரா?

உடம்பைப் பார்த்துக்க. உன் அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லு.

உன் அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். கண்ணாடியை மாற்றியதில் பாதித் தலைவலி போய்விட்டது. மீதிப் பாதி எங்கள் தலைவரால் வருவது, அதற்குக் கண்ணாடி கிடையாது. முழங்காலை டாக்டரிடம் காட்டினீர்களா, அல்லது வழக்கம்போலத் தைலத்தோடு நிறுத்திக்கொண்டீர்களா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், இருக்கின்றன. அன்று அவசரத்தில் சொன்னதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். தோலிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்த்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஆனால் அது முடிவில்லாமல் நடப்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது தடவை பெருகியதும் தாமாகவே நின்றுவிடும். யாருடைய செல்லுக்கும் இதுதான் நியதி. அண்ணனின் செல்களுக்குள் நாங்கள் ஒரு வைரஸின் மரபணுவைச் செலுத்தினோம். உள்ளே "நில்" என்று ஒரு கட்டளை வரும்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அது செல்லுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதனால்தான் அவை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளஞ்சிவப்பாக ஒரு நீர் இருக்கிறது. செல்கள் நன்றாக இருந்தால் அதைச் சாப்பிட்டுப் புளிக்கவைக்கும், நீர் மஞ்சளாக மாறும். மஞ்சளைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுவோம். லேபில் இதற்குச் "சாப்பாடு போடுவது" என்றே பெயர். காலையில் உள்ளே நுழைந்ததும் "சாப்பாடு போட்டாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்போம். புதிதாக வந்த காவலாளி, இவ்வளவு பாசமான ஆபீஸை நான் பார்த்ததே இல்லை என்று யாரிடமோ சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். அன்று கட்டடம் அமைதியாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும்.

பல்செட்டுக்கு ஆள் வந்தாரா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

விஞ்ஞானிக்கு,

சுகம்தான். டாக்டர்கிட்ட போனேன். "எடையைக் குறைங்க"ன்னாரு. அவர் தொப்பை மேசை மேல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சுது. தைலமே தேவலை.

உன் கடிதாசியை மூணு தடவை படிச்சேன். நல்லாத்தான் விளக்கியிருக்கே. ஆனா ஒண்ணு கேட்கணும். நான் "இருக்காரா"ன்னு கேட்டா நீ "இருக்கின்றன"ங்கறே. "சாப்பிடுறாரா"ன்னு கேட்டா "புளிக்கவைக்கும்"ங்கறே. அடியே, கூடப் பொறந்தவனை அஃறிணையில சேர்த்துட்டியே! நாத்தனார் புத்தி எங்க போகும். உயிரோட இருந்தப்பவே "அது எங்கே, லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கா?"ன்னுதானே அவரைக் கேட்பே.

ஆனா மனசுக்கு நிம்மதியா இருக்கு. "நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன"ன்னு எழுதினே பாரு, அது அவரேதான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு நிக்கத் தெரியுமா? நின்ன லிஃப்ட்டை ஓட வைக்கிறதுதானே அவர் பொழைப்பு.

வீட்டுல ஒரு சண்டை. மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கே மாற்றல் வருதாம். மகள் இங்கேயே வந்துடறேங்கறா, நல்ல விஷயம்தான். வயித்துல இரட்டைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பிரசவ நேரத்துல பக்கத்துல நான் இருக்க வேண்டாமா? ஆனா அப்பா ரூமைக் காலி பண்ணிக் குடுங்கறா. அவரோட மோட்டார், ஸ்பேனர், ஆணியில தொங்குற ஸ்வெட்டர், எதையும் நான் தொடலை. வெயில் கொளுத்தும்போதே அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் லிஃப்ட் குழியில இறங்குவாரு. குளிர் அவருக்கு ஆகாது. ஆள் இருக்கும்போது ரூமை எப்படிக் காலி பண்றதுன்னு கேட்டேன். அவ போனை வச்சுட்டா.

உடம்பைப் பார்த்துக்க. பல்செட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. போட்டுக்கிட்டுத்தான் போனாரு, கழுவக்கூட இல்லை.

அவரைக் கேட்டதாகச் சொல்லு.

அண்ணி


மார்ச் 30

அன்பு அத்தைக்கு,

நல்லா இருக்கீங்களா? எனக்கு வாந்தி நின்னுடுச்சு. இப்ப நாள் முழுக்கப் பசி. ரெண்டும் சேர்ந்து என்னைத் தின்னுது.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நீங்க அம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? அப்பா உங்க லேப்ல இருக்காராம், சாப்பிடுறாராம், ரூமைத் தொடக் கூடாதாம். யாரோ விட்டுட்டுப் போன குடையை ஆறு மாசத்துல ஏலம் போடுற அம்மா, அப்பாவோட துருப்பிடிச்ச போல்ட்டை எண்ணி வச்சிருக்காங்க. ரூம் நடுவுல ஒரு லிஃப்ட் மோட்டார், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு. அதைச் சுத்தி வந்துதான் ஜன்னலைத் திறக்கணும்.

ஜூன் மாசத்துக்குள்ள இவர் ஆபீஸ்ல முடிவு சொல்லணும். அம்மா வீட்டுல இடம் இல்லைன்னா இன்னும் தூரமா ஒரு ஊருக்குப் போட்டுடுவாங்க. ரெண்டு கைக்குழந்தையோட அங்க நான் தனியா என்ன பண்ணுவேன்? அம்மாவும்தான் வீட்டுல தனியா என்ன பண்ணுவாங்க?

எனக்கு அப்பா மேல பாசம் இல்லாம இல்லை அத்தை. ஆனா அப்பா போயிட்டாரு. இதை நான் சொன்னா அம்மாவுக்குக் கோபம் வருது. நீங்க சொன்னா கேட்பாங்க, ஏன்னா ஆரம்பிச்சது நீங்க.

உங்க மருமகள்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வாந்தி நின்றுவிட்டதாக உங்கள் மகள் எழுதியிருந்தாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வைரஸ் புகுத்திய செல்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. இது தெரிந்ததுதான், புத்தகங்களிலேயே இருக்கிறது. எங்கள் தலைவர் ஆராய்வதும் அதைத்தான். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணனின் செல்கள் இப்போது நெருக்கடியில் இருக்கின்றன. எங்கள் துறையில் அந்தக் கட்டத்துக்குப் பெயரே அதுதான். சில வாரங்களாகவே கவனித்து வருகிறேன். என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இதில் செய்வதற்கு அதிகம் இல்லை.

அறை பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாக இருக்காது. இந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.

இங்கே இரண்டு நாளாக மழை. லேபின் பின்பக்க ஜன்னல் ஒழுகுகிறது. அதன் அடியில் யாரோ ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாளி கிடைக்கவில்லையாம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 28

விஞ்ஞானிக்கு,

சுகம். உன் கடிதாசியைப் பிரிச்சதும் "ஒரு விஷயம் சொல்ல வேண்டும்"னு இருந்துச்சா, உட்கார்ந்துக்கிட்டுத்தான் மிச்சத்தைப் படிச்சேன். அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அட, நெருக்கடியா! இதுக்கா இவ்வளவு பீடிகை?

ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்னு நீதானே எழுதினே. நாலு வருஷமா நிக்காமப் பெருகினா நெருக்கடி வராம என்ன செய்யும்? காலையில ஏழரை பஸ்ஸைப் பாரு, படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வருது. அப்படித்தானே இருக்கும் பாவம், கை காலை நீட்ட இடமில்லாம. "செய்வதற்கு அதிகம் இல்லை"ன்னு கையை விரிக்கிறியே, பெரிய பாத்திரமா பார்த்து மாத்தக் கூடாதா? இத்தனை படிச்சு என்ன புண்ணியம். மழைத் தண்ணி பிடிக்க வச்சிருக்கீங்களே ஒரு விலை உசந்த பாத்திரம், அதுல போடேன்.

ரூமைப் பத்தி யோசின்னு எழுதியிருந்தே. யோசிச்சேன். நேத்து அந்த ரூம்ல மோட்டார் மேல உட்கார்ந்து பார்த்தேன். அவர் அங்க நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்காரு. இங்க ஒரு ரூம் முழுக்க அவருக்குன்னு சும்மா கிடக்கு. இவ ரெண்டு புள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு இடம் தேடுறா. இது என்ன நியாயம்? அவரே பார்த்தா "லூசு, மோட்டாரைத் தள்ளு"ம்பாரு.

இன்னும் முடிவு பண்ணலை. ஆனா மனசு இளகியிருக்கு.

பெரிய பாத்திரத்துக்கு மாத்திட்டு எழுது. கேட்டதாகச் சொல்லு.

அண்ணி


மே 8

அன்பு மருமகளுக்கு,

உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள். பசித்தால் சாப்பிடு, யார் சொல்வதையும் கேட்காதே.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நேரடியாக உன் அம்மாவுக்கே எழுதினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உண்மை இதுதான்: வைரஸ் புகுத்திய செல்கள் மற்றவற்றைவிடக் கொஞ்ச காலம் அதிகம் இருக்கும், அவ்வளவுதான். நிற்கச் சொல்லும் கட்டளையைத் தாண்டிப் போய்விடும். ஆனால் போகப்போக உள்ளே தேய்ந்து, பெருகுவதைவிடச் சாவது அதிகமாகும். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடும். அந்தக் கட்டத்துக்குத்தான் நெருக்கடி என்று பெயர். உன் அப்பாவின் செல்கள் அங்கே வந்துவிட்டன.

நான் அந்தச் சொல்லை மட்டும் எழுதிவிட்டு அதற்கு அர்த்தம் எழுதவில்லை. உன் அம்மா அதை இட நெருக்கடி என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். குடுவையில் இப்போது இடத்துக்குக் குறைவே இல்லை. அதுதான் பிரச்சினை.

அடுத்த கடிதத்தில் நேராக எழுதிவிடுகிறேன்.

அத்தை


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கே வெயில் கடுமையாக இருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். மதியம் வெளியே போகாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி பெரிய குடுவைக்கு மாற்றிவிட்டேன்.

சாப்பாடு தவறாமல் போடுகிறேன். இப்போது நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதில்லை, இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. எங்கள் தலைவர் காலையில் ஒருமுறை வந்து குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஜன்னலைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது கதவு ஒழுகுகிறது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 11

விஞ்ஞானிக்கு,

நான் சுகம், இடுப்பு மட்டும் போச்சு. காரணம் கேட்டா சந்தோஷப்படுவே. ரூமைக் காலி பண்ணிட்டேன்.

உன் அண்ணன்கூட வேலை பார்த்தவரைக் கூப்பிட்டேன். மோட்டாரை மூணு பேர் தூக்கியும் அசையலை. "இதுவும் அண்ணன் மாதிரியேதான், சாப்பாட்டு நேரம் ஆனாத்தான் நகரும்"னாரு. சிரிச்சுச் சிரிச்சு அப்புறம் ஒரு வழியா உருட்டி வெளியே தள்ளினாங்க. ஸ்பேனரெல்லாம் அவருக்கே குடுத்துட்டேன், கையாள்ற ஆள்கிட்ட இருக்கட்டும். ஸ்வெட்டரை மட்டும் வச்சுக்கிட்டேன். சுவர்ல அவர் பென்சில்ல கிறுக்கின அளவெல்லாம் இருந்துச்சு, வெள்ளை அடிச்சாச்சு. அடிக்கும்போது பக்கத்துல நிக்கலை, கடைக்குப் போயிட்டேன்.

மகள் போன வாரம் வந்துட்டா. வயிறு முன்னாடி வருது, அவ பின்னாடி வர்றா. "எப்படிம்மா மனசு மாறினே?"ன்னு கேட்டா. "உங்க அப்பாவுக்குப் பெரிய வீடு கிடைச்சுடுச்சு, இதை அவர் குடுத்துட்டாரு"ன்னேன். அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. மாசமா இருக்கிற பொண்ணு, எதுக்கு அழும் எதுக்குச் சிரிக்கும்னு யார் கண்டா.

இப்ப என் ஆசையைக் கேளு. அவரைப் பார்க்கணும். பொண்ணுக்கு நாள் நெருங்கறதுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போயிடறேன். ஜூலை முதல் வாரம் டிக்கெட் போட்டாச்சு. வராதேன்னு சொல்லிப் பதில் எழுதாதே, எழுதினாலும் அது வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்.

முன்கூட்டியே கேட்டதாகச் சொல்லி வை. திடீர்னு போய் நின்னா வெட்கப்படுவாரு.

அண்ணி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். இடுப்புக்கு இப்போது தேவலையா? ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்ததா? நான்கு நாள் என் வீட்டில் இருந்தீர்கள், கடைசி இரண்டு நாள் நாம் வானிலை பற்றி மட்டும் பேசினோம். அதனால் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு நிமிராமலே கேட்டீர்கள்: "எவ்வளவு இடம் கிடக்கு. யாரையும் காணோமே?" நான் "ம்" என்றேன். போனில் மட்டுமல்ல, நேரிலும் எனக்கு அதுதான் வருகிறது.

நீங்கள் பார்த்தது அண்ணனின் குடுவைதான். அந்தப் பெரிய பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழிந்த துணிபோலக் கிடந்தவைதான் மிச்சம். மிதந்தவையெல்லாம் செத்தவை. நெருக்கடி என்று நான் எழுதியது அதைத்தான். சொல் சரி. உங்களுக்குப் புரிந்த விதம் தவறு என்று தெரிந்தும் பெரிய குடுவைக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதினேன். உண்மையிலேயே மாற்றினேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக. சாகிற செல்களுக்குப் பெரிய குடுவை எதற்கென்று எங்கள் தலைவர் கேட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்த அன்று காலை, அதே அலமாரியில் வேறொருவருடைய குடுவை இருந்தது. செல்கள் விளிம்பு வரை நிறைந்து, பாய் விரித்ததுபோல இருந்தன. அதை வைத்துக் காட்டினால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. யாருக்கும் தெரியாது. கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

கோடியில் ஒரு செல் இந்தக் கட்டத்தைத் தப்பிப் பிழைத்து, அதன்பின் சாவே இல்லாமல் பெருகும் என்பார்கள். அதற்காகத்தான் எங்கள் தலைவர் தினமும் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். நம்முடையதில் ஒன்றும் தப்பவில்லை. தப்பியிருந்தாலும் அதன் உள்ளே எல்லாம் தாறுமாறாகியிருக்கும். அதை யாரென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போன மறுவாரம் அந்தக் குடுவையை அப்புறப்படுத்தினோம்.

உறையவைத்த ஒரு சிறு குழாய் மட்டும் மிச்சம் இருக்கிறது. நெருக்கடிக்குச் சற்று முன்னால் எடுத்து வைத்தது. திரவ நைட்ரஜனில், மைனஸ் இருநூறு டிகிரிக்கு அருகில் இருக்கிறது. அப்படியே விட்டால் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். சாகாது. வளரவும் வளராது. வெளியே எடுத்தால் உயிர்பெற்றுக் கொஞ்ச காலம் பெருகும். ஆனால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அவை மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும், இதே இடத்தில்தான் முடியும். ஆராய்ச்சிக்கு அது இனித் தேவையில்லை, உன் விருப்பம் என்று தலைவர் சொல்லிவிட்டார். என் விருப்பம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 2

நாத்தனாருக்கு,

எல்லாரும் சுகம். ரெண்டும் பொண்ணு. மகள் நல்லா இருக்கா. ஒண்ணு அழுதா இன்னொண்ணு ஒத்து ஊதுது. யாருக்குப் பால் குடுத்தோம்னு குழம்பி ஒண்ணுக்கே ரெண்டு தடவை குடுத்துட்டோம். இப்ப கால்ல நூல் கட்டி வச்சிருக்கோம்.

இவ்வளவு நாள் எழுதாததுக்குப் புள்ளைங்க காரணம் இல்லை. கோபம். ஆறட்டும்னு இருந்தேன். முழுசா ஆறலை, இருந்தாலும் எழுதுறேன்.

எங்க ஜன்னலுக்கு ஒருத்தர் வந்து, தன்னோடதுன்னு நினைச்சு அடுத்தவர் குடையைத் தூக்கிட்டுப் போனா, "சார், அது உங்களது இல்லை"ன்னு கத்திக் கூப்பிடுவேன். சந்தோஷமாப் போறாரே, போகட்டும்னு விடமாட்டேன். நான் தப்பான அர்த்தத்தைத் தூக்கிக்கிட்டுப் போனேன். நீ பார்த்துக்கிட்டே இருந்தே. வெள்ளை அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தே. ரூமைக் காலி பண்ண வைக்க அத்தையும் மருமகளும் சேர்ந்து போட்ட திட்டமோன்னு கூட நினைச்சேன். அவகிட்ட கேட்டுட்டேன். அழுதா. இல்லைன்னு தெரிஞ்சுது. நீ திட்டம் போடுற ஆள் இல்லை. வாயை மூடிக்கிட்டு நிக்கிற ஆள்.

ஆனா அந்த வேற ஆளோட குடுவை. எடுத்தேன், திரும்ப வச்சுட்டேன்னு எழுதியிருந்தே பாரு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

ரூமை இனி திருப்பிக் கேட்க முடியாது. ரெண்டு தொட்டில் போட்டாச்சு. ஜன்னலைத் திறக்கணும்னா ரெண்டையும் சுத்தி வரணும். இப்ப என் வீட்டுல எனக்குத் தெரிஞ்ச அர்த்தத்துல நெருக்கடி. உன் அர்த்தத்தை நீயே வச்சுக்க.

குழாயைப் பத்திக் கேட்டிருந்தே. இதுல என்னடி யோசனை? வெயில்ல ஸ்வெட்டர் போட்ட மனுஷனை மைனஸ் இருநூறுல வச்சிருக்கியே. படிக்கும்போதே எனக்குப் பல்லு கிட்டிப்போச்சு. எடுத்துடு. எத்தனை நாளோ, இருக்கிற வரைக்கும் வெதுவெதுப்பா இருக்கட்டும். சாப்பாடு போடு. முடியும்போது முடிஞ்சுதுன்னு எழுது. வேற வார்த்தை போடாதே.

உடம்பைப் பார்த்துக்க. அவரைக் கேட்டதாகச் சொல்லு. ஒவ்வொரு கடிதாசியிலயும் எழுதுறேன், சொன்னேன்னு ஒரு தடவைகூட நீ பதில் எழுதினதில்லை.

அண்ணி


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த மறுநாள் குழாயை எடுத்தேன். வெதுவெதுப்பான நீரில் பிடித்து உருக்க வேண்டும் என்பது முறை. கடைசிக் கொஞ்சத்தை உள்ளங்கையில் வைத்தே உருக்கினேன். சிறிய குடுவையில்தான் போட்டேன். இடம் போதுமானதாக இருந்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து பார்த்தபோது நீர் மஞ்சளாகியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டார். செப்டம்பர் முழுவதும் நன்றாகவே சாப்பிட்டார். அக்டோபர் நடுவில் குறைந்தது. பிறகு நீர் இளஞ்சிவப்பாகவே இருந்தது. வைத்த சாப்பாடு வைத்தபடி இருந்தாலும் தினமும் புதிது போட்டேன். நேற்று முடிந்தது.

நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். நீர் மஞ்சளான அந்தக் காலையில். குடுவையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மேசை மாணவி திரும்பி, "யார்கிட்ட மேடம் பேசுறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன்கிட்ட."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குடுவையின் நிறத்தைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டார் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

அடுத்த மாதம் விடுமுறை போட்டிருக்கிறேன். எனக்குப் படுக்க இடம் இருக்குமா என்று எழுதுங்கள், தொட்டில்களுக்கு நடுவில் கொஞ்சம் தரை போதும். குழந்தைகளை அத்தைப்பாட்டி கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்